எல்லா மணிக்கும் நாற்பத்திரண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு வார்க்கும் ஒரு கம்பெனியில் கிறிஸ்டினாவுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே ஏசி அறையில் உட்கார்ந்தவர்களுக்கு அவள் ‘ஈடிபி மேடம்’; கம்ப்யூட்டர் அறைக்கு அங்கே ஈடிபி என்று பெயர். கீழே உலைக்கூடத்தில் வேகிறவர்களுக்கு ‘முத்திரைப் பாப்பா’. இருபத்தேழு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று கேட்டால் அவளே சிரிப்பாள். மேடம் என்கிறவர்கள் டீ குடிக்கும்போது அவளைக் கூப்பிட மறந்துபோவார்கள். பாப்பா என்கிறவர்கள் அவளுக்கும் சேர்த்து வாங்கி வைப்பார்கள்.

அப்பா இம்மானுவேல் அடுத்தவர் நிலத்தில் கதிர் அறுத்து, பிறகு அதே நிலத்தில் எழும்பிய கம்பெனிக்கு வாட்ச்மேனாகி, மகளைப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கவைத்தவர். டிப்ளமோவை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் அவள் கேட் கேட்டாக அலைந்தபோது, “எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்க, வந்து பாரு” என்று கூட்டிக்கொண்டு போனவர் பாக்கியராஜ். அவர் அங்கே மெல்ட்டர், அதாவது உலையில் இரும்பை உருக்குகிறவர். உறவு என்று ஒன்றும் இல்லை. புதுவாயலில் ஒரே தெருவில் கொஞ்ச காலம் குடியிருந்த பழக்கம்தான்.

பிறகு பாக்கியராஜ் குடும்பம் ஒரு ஸ்டாப்பிங் தள்ளி வீடு மாறியது. அவர் மனைவி செண்பகம் சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டப் போவாள். காலை ஏழு ஐம்பது பஸ்ஸில் அவள் முன்னதாகவே ஏறி, பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். புதுவாயலில் கிறிஸ்டினா ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். யார் வந்து கேட்டாலும், எவ்வளவு கூட்டமானாலும், அந்தப் பை கிறிஸ்டினாவுக்குத்தான் நகரும். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம்.

2005 கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆட்கள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார்கள். உலைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். வெள்ளை மை பூசிய இடங்களை எண்ணினார்கள். எழுதிய பிறகு யாரும் திருத்த முடியாத பதிவு வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வொர்க்ஸ் மேனேஜர் துளசிராமன் அந்தத் தலைவலியைத் தூக்கி ஈடிபி அறையில் போட்டார். “ஏதாவது பண்ணும்மா. செலவு ஆகக் கூடாது” என்றார்.

செலவில்லாமல் கிடைத்தது ஒரு நிரல் நூலகம், அதாவது அப்படியே எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்களின் தொகுப்பு. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, உலகத்துக்கே சும்மா விட்டிருந்தார்கள். ரகசியக் குறியீட்டு வேலைகள் எல்லாம் அதில் இருந்தன. டயல்-அப் லைனில் அது இறங்குவதற்குள் ஒரு மத்தியானம் போய்விட்டது. ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். முதலில் எம்டி-ஃபைவ் என்ற முறையைப் போட்டுப் பார்த்தாள். அதை ஏற்கெனவே உடைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அடுத்தது ஷா-ஒன், அதன் மேலும் படித்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருந்தது. கடைசியில் ஷா-256இல் வந்து நின்றாள். நூலகத்துக்கு மூன்றே கட்டளைகள் போதும்: தொடங்கு, ஊட்டு, முடி. ஏ, பி, சி என்ற மூன்று எழுத்தை ஊட்டினால் இன்ன அறுபத்துநான்கு எழுத்து வரவேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அவள் திரையிலும் அதே வந்தபோது, தனியாக உட்கார்ந்து இரண்டு முறை கை தட்டினாள்.

இது இன்னா மேஜிக் என்று கேட்ட பாக்கியராஜுக்கு அவள் மாவு மில்லைச் சொல்லி விளக்கினாள். “எவ்ளோ பெரிய ஃபைலு போட்டாலும் அரைச்சு அறுபத்திநாலு எழுத்தாக் குடுக்கும்ண்ணா. மாவுலேந்து திரும்ப அரிசி எடுக்க முடியாதுல்ல, அந்த மாதிரி. ஃபைல்ல ஒரு புள்ளி மாறினாலும் அறுபத்திநாலும் வேற மாதிரி வரும்.” ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் அந்த ஷிஃப்டின் பதிவையும், முந்தைய ஷிஃப்டின் அறுபத்துநான்கு எழுத்து முத்திரையையும் சேர்த்து அரைக்கும்படி எழுதியிருந்தாள். அதனால் பழைய நாள் ஒன்றைத் தொட்டால், அதற்குப் பின்னால் வந்த அத்தனை முத்திரையும் காட்டிக்கொடுத்துவிடும். பதிவும் வந்த முத்திரையும் பிரிண்டரில் ஒரு தாளில் அடிக்கும், அதில் துளசிராமன் கையெழுத்துப் போடுவார். அதே சமயம் முத்திரை வாடிக்கையாளரின் சென்னை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போய்விடும். முதல் வாரம் அவளே சரிபார்த்தபோது அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக வந்து மானத்தை வாங்கியது. வரி முடிகிற இடத்தில் விண்டோஸ் சத்தமில்லாமல் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருந்ததை மூன்று நாள் சோறு இறங்காமல் தேடிக் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அவள் போட்டது நல்ல பூட்டு. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியில் என்ன விழுகிறது என்பதை அந்த நூலகம் கேட்காது. அவளும் கேட்கவில்லை.

உலையைச் சுற்றிச் செம்புக்குழாய்ச் சுருள் இருக்கும். அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுருளுக்கும் உருகிய இரும்புக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் பூச்சு, லைனிங் என்பார்கள். அது தேயத் தேயத் திரும்பி வரும் தண்ணீர் சூடாகும். அந்தச் சூட்டைக் காட்டும் மீட்டர் பின்னால் பம்பு ஷெட்டில் இருந்தது. மெல்ட்டர் மணிக்கு ஒரு தரம் வெயிலில் நடந்து போய்ப் பார்த்து, திரும்பி வந்து, கையுறையைக் கழற்றி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த கம்ப்யூட்டரில் எண்ணைப் போட வேண்டும். மீட்டரையே கம்ப்யூட்டரோடு சேர்த்துவிடலாம் என்று கிறிஸ்டினா ஒருமுறை எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாள் போன இடம் தெரியவில்லை.

முதல் இரண்டு மாதம் எண்கள் உயிரோடு இருந்தன. பாக்கியராஜின் ஷிஃப்டில் முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று என்று ஏறி இறங்கும். பிப்ரவரியில் ஒருநாள் அவர் நாற்பத்தாறு என்று போட்டார். விதிப்படி நாற்பத்தைந்தைத் தாண்டினால் உலையை அணைத்து லைனிங்கைப் பார்க்க வேண்டும். அணைத்தார்கள், பார்த்தார்கள், லைனிங் பாதி தேய்ந்திருந்தது. ஒரு லாரி சரக்கு தாமதமானது. துளசிராமன் மெல்ட்டர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, “நாப்பத்தஞ்சுக்கு மேல ஒரு நம்பரும் எனக்கு வரக் கூடாது” என்றார். சூடு ஏறக் கூடாது என்று சொன்னாரா, எண் ஏறக் கூடாது என்று சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் பாக்கியராஜ் ஈடிபி அறை வாசலில் வந்து நின்றார். “பாப்பா, மணிக்கு மணி கிளவுச கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, ஒரே பேஜாரா கீது. மொத நம்பரப் போட்டா மீதி ஏழும் தானா வர்ற மாதிரி இன்னாவாச்சும் பண்ணிக் குடேன்.”

“எல்லா மணிக்கும் ஒரே நம்பராண்ணா?”

“மாறினா நாங்க மாத்திக்கிறோம். ஒரு ஒத்தாசைக்குத்தான்.”

பத்து நிமிஷ வேலை. எஃப்-நைன் விசையை அழுத்தினால் முதல் வரி மற்ற ஏழு வரிகளிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலை வாங்கிக் கொடுத்த மனிதருக்கு நம்மால் ஆனது என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே வாரத்தில் மூன்று ஷிஃப்டிலும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஷிஃப்ட் தொடங்கியதும் நாற்பத்திரண்டு என்று அடித்து எஃப்-நைன் தட்டிவிட்டால் எட்டு மணி நேரத்துக்குக் கவலை இல்லை. பம்பு ஷெட்டுக்குப் போகும் பாதையில் புல் முளைத்தது. அவளுடைய நிரல் ஷிஃப்ட் தவறாமல் அந்த நாற்பத்திரண்டுகளை அரைத்து, உலகத்தில் யாராலும் உடைக்க முடியாத முத்திரையைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

2007 மார்ச்சில் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, லைனிங் விட்டுக்கொடுத்தது. உருகிய இரும்பு செம்புச் சுருளைத் தொட்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சத்தம் கேட்டுக் கிறிஸ்டினா மாடியிலிருந்து இறங்கி ஓடியபோது கூரைத் தகடு இரண்டைக் காணோம். மற்றவர்கள் தூர நின்றதால் தப்பினார்கள். பாக்கியராஜ் உலை வாயில் நின்றிருந்தார். அவரைத் துணி போட்டு மூடித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அவள் பார்த்தது ஒரு செருப்பை மட்டும்தான். 

எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் போயிருந்தார்கள். பிற்பகல் இரண்டு ஐந்துக்கு, கிறிஸ்டினா மட்டும் இருந்த ஈடிபி அறையில் பிரிண்டர் தானாகக் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. ஏ ஷிஃப்ட் முடிந்தது, எட்டு வரிகள், முத்திரை போடப்பட்டது. தாளைக் கிழித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு மணிக்கு நாற்பத்திரண்டு. ஒரு மணிக்கு நாற்பத்திரண்டு. இரண்டு மணிக்கு நாற்பத்திரண்டு. மூன்று வரியிலும் இயக்கியவர் பெயர்: பாக்கியராஜ்.

மறுநாள் துளசிராமன் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது, அவரும் தூங்கியிருக்க மாட்டார். “கடைசி மூணு லைனை எடுத்துடும்மா. பதினோரு மணி வரைக்கும் தண்ணி நார்மல்னு இருக்கட்டும். அந்த ஆள் ஈர ஸ்கிராப் இரும்பை உலையில கொட்டினதால வெடிச்சுதுன்னு ரிப்போர்ட் போகுது. எடுத்துட்டு மறுபடி சீல் பண்ணிடு.”

“பண்ணா வேற எழுத்து வரும் சார். நேத்தே சென்னைக்குப் போயிடுச்சி. அதோட சேராது.”

“அதே எழுத்து வர்ற மாதிரி பண்ணு.”

“முடியாது சார். யாராலயும் முடியாது.”

“நீதானே எழுதினே?”

“நான் எழுதினதாலதான் சார் தெரியும்.”

இது திமிரா, உண்மையா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். “சரி விடு. சீல் இல்லாம பிரிண்ட் குடுத்துக்கலாம். யாரு கேக்கப் போறா.”

அவர் சொன்னது சரிதான். ஒரு வருஷமாகச் சென்னையில் வந்து குவிந்த முத்திரைகளை ஒருவரும் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அவள் வாய் திறக்காவிட்டால் ஐந்து வரித் தாள் வேதவாக்காகிவிடும். திறந்தால் எஃப்-நைனும் வெளியே வரும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அசல் கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதோடு அவள் தைரியம் தீர்ந்துபோயிற்று.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கிறிஸ்டினா சோறு போட்டுக்கொள்ளும் நேரத்தில் செண்பகம் வந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“பாப்பா, அவரு குடிச்சிட்டு வேலைக்கி வந்தாருன்னு ஊரே பேசிக்கினு கீது. ஈர இரும்பக் கொட்டி அவரே சாவத் தேடிக்கினாருன்னு எழுதப் போறாங்களாம். பதினாறு வருசம் உலையாண்ட நின்ன மனுசனுக்கு ஈரம் தெரியாதா? எம் பையன் ஸ்கூல்லயே கேக்குறாங்க பாப்பா.” கிறிஸ்டினாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நம்ம பாப்பா முத்திரை குத்திட்டா ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாதுன்னு ஊட்ல சொல்லிக்கினே இருப்பாரு. அதுல இன்னா கீதோ அத வந்து சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவரு பேரு கெடக் கூடாது.”

“சொல்றேன்க்கா” என்றாள் கிறிஸ்டினா.

எஃப்-நைனை அப்போதே சொல்லியிருக்கலாம்.  செண்பகம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளை விட்டுவிடுவாளோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

விசாரணை கம்பெனியின் கான்ஃபரன்ஸ் அறையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி நரைத்த தலை, நிதானமான பேச்சு. செண்பகத்தைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். துளசிராமன் ஐந்து வரித் தாளைக் கொடுத்தார். கிறிஸ்டினா எழுந்து, அது அசல் இல்லை என்றாள். குரல் உடைந்ததால் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது.

சென்னை அலுவலகத்தில் அன்று வந்த முத்திரையைத் தருவித்தார்கள். பென் டிரைவில் இருந்த கோப்பை அதிகாரியின் கண் முன்னாலேயே நிரலுக்கு ஊட்டினாள். அவர் ஒரு தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படிக்க, உதவியாளர் திரையில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். அறுபத்துநான்கும் சேர்ந்தன. ஐந்து வரியை ஊட்டியபோது முதல் எழுத்தே சேரவில்லை.

“அப்போ இதுதான் அசல்” என்றார் அதிகாரி. எட்டு வரியைக் கீழ்நோக்கிப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “பதினொன்னு இருபதுக்கு இறந்தவர் ரெண்டு மணி ரீடிங்கை எப்படிப் போட்டார்?”

துளசிராமன் முந்திக்கொண்டார். “தப்பு அந்த ஆளோடதுன்னு நான் சொன்னேனே சார். பொய் ரீடிங் போட்டது அந்த ஆளேதான்.”

“அவர் மட்டும் இல்ல சார்” என்றாள் கிறிஸ்டினா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எஃப்-நைன் தான் எழுதியது என்று சொன்னாள். அதற்கு முன் மேனேஜர் மெல்ட்டர்களை நிறுத்திவைத்துச் சொன்னதைச் சொன்னாள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் கோப்புகளையும் திறந்து காட்டினாள். மே மாத வெயிலிலும் நாற்பத்திரண்டு, டிசம்பர் மழையிலும் நாற்பத்திரண்டு. மூன்று ஷிஃப்ட், அத்தனை மெல்ட்டர், ஒரே எண். ஒவ்வொரு நாள் தாளிலும் கீழே துளசிராமனின் கையெழுத்து. “இதெல்லாம் நான் இப்போ உண்டாக்கினதுன்னு சொல்ல முடியாது சார். அந்தந்த நாளே முத்திரை சென்னைக்குப் போயிருக்கு.”

“எப்பவுமே இப்படித்தானா?”

“இல்ல சார். மொதல் ரெண்டு மாசம் ஏறி எறங்கும்.” அவள் அந்தக் கோப்புகளையும் திறந்தாள். அதிகாரி பாக்கியராஜின் எண்களை வாய்விட்டே படித்தார்: முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று, நாற்பத்தாறு. பிறகு தனக்குத்தானே சொல்வது போல, லைனிங் தேய்ந்திருந்த நிலையைப் பார்த்தால் அன்று காலை ஒன்பது மணிக்கே தண்ணீர் ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும், யாராவது மீட்டரைப் பார்த்திருந்தால் உலையை அணைக்க நிறைய நேரம் இருந்தது என்றார். சுவரோரத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. கிறிஸ்டினா திரும்பிப் பார்க்கவில்லை.

அறிக்கை நியாயமாகத்தான் வந்தது. ஈர இரும்பு இல்லை. குடி இல்லை. தேய்ந்த லைனிங்கை மாற்றாதது நிர்வாகத்தின் குற்றம். பொய்யான பதிவு ஒரு வருஷத்துக்கு மேல் நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. துளசிராமனை வேலையை விட்டு அனுப்பினார்கள். நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று ஒரு வரியும் இருந்தது. அதன் பேரில் கிறிஸ்டினாவையும் அனுப்பினார்கள். அந்த வரியை அவள் மறுக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு வந்தது. விசாரணை நடந்த அன்று சாயங்காலம் செண்பகமும் கிறிஸ்டினாவும் கம்பெனி கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். சரக்கு லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. நிறுத்தத்தில் வந்து நின்றதும் செண்பகம் கேட்டாள்.

“இனிமே அவரு பேரு கெடாது இல்ல?”

“கெடாதுக்கா.”

“மொத ரெண்டு மாசம் நம்பரு ஏறி எறங்குச்சின்னு படிச்சாரே. அப்போ அவரு தெனமும் நடந்து போயி பாத்துக்கினுதான் இருந்தாரா?”

“பாத்தாருக்கா. மணிக்கு மணி.”

“அந்த பட்டனு வந்தப்பறம்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளே முத்திரை போட்டு வைத்த பதில் அது. “போவலக்கா” என்றாள்.

“அது இல்லாம இருந்திருந்தா, அன்னிக்கி ஒம்போது மணிக்கி போயிருப்பாரு.” செண்பகம் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

“போயிருப்பாருக்கா.”

பஸ் வந்தது. செண்பகம் முன்னால் ஏறி, இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையைப் பக்கத்தில் வைத்தாள். கிறிஸ்டினா பின்னால் ஏறி அந்தச் சீட்டருகே போய் நின்றாள். செண்பகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்தார், சீட்டுக் கொடுத்தார், போனார். கவரைப்பேட்டையில் கூட்டம் ஏறியது. ஓர் அம்மா பையைக் காட்டி, “இங்க ஆள் வருதாம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல, நீங்க ஒக்காருங்க” என்று செண்பகம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதுவாயல் வரைக்கும் கிறிஸ்டினா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.